பூங்காத் தீர்த்தம்

எங்கள் அம்மாவுக்கு ரொறன்ரோவில் சொந்தமாக ஒரு தீர்த்தத் தொட்டி இருந்தது. மாநகரசபை அதைக் குடிதண்ணீர்க் குழாய் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்டிய பூங்காவில் அது நின்றது. அதிலிருந்த தகட்டை எட்டு வயதுக்காரியான நான்தான் வாசித்துச் சொன்னேன்: இங்கிலாந்தில் இடிந்துபோன, பல நூறு வருடம் பழைய ஒரு தேவாலயத்தின் கற்களைக் கப்பலில் கொண்டுவந்து கட்டியதாம். கல்லில் ஒரு சிலுவையும் சிறகு விரித்த, மூக்குடைந்த ஒரு சம்மனசும் இருந்தன. அம்மா உடனே செருப்பைக் கழற்றினார். குழாயை அமத்தி, விரலை நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இஞ்சரும், உது சிற்றித் தண்ணி. எங்கடை குசினியிலையும் உதுதான் வருது," என்றார் அப்பா.

"இது கோயில் கல்லிலை பட்டெல்லோ வருது," என்றார் அம்மா.

அப்போது என் தங்கை அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அதற்கு முன் ஒரு பிள்ளை பிறக்காமலே போயிருந்தது. அம்மா அந்தப் பயத்தோடுதான் படுத்தெழும்பினார். அந்தத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துவந்து, நாள்தோறும் வயிற்றில் ஒரு துளி தொட்டுச் சிலுவை வரைவார். குளிர் தொடங்கியதும் மாநகரசபை குழாயைப் பூட்டிவிட்டது. இனி வசந்தத்தில்தான் திறப்பார்கள். பிள்ளை பிறக்கும்வரை கடைசியாகப் பிடித்த போத்தல் காணுமா என்று அம்மா கலங்கினார்.

ஆனால் தண்ணீர் குறையவேயில்லை. எனக்குப் புல்லரித்தது. பள்ளிக்கூடத்தில்கூட, மாதா செய்த இந்தப் புதுமையைச் சொல்லிப் பெருமையடித்தேன்.

ஒரு காலையில் என் புதுமை உடைந்தது. ஒஷாவாவுக்கு வேலைக்குப் புறப்பட்ட அப்பா, சப்பாத்தோடு குசினிக் குழாயடியில் நின்று போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்தார். மூடியைத் திருகமுன் போத்தலுக்கு மேலே அவசரமாக ஒரு சிலுவையும் போட்டார். பிரசங்கம் முடியட்டும் என்று கோயில் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்! அந்தக் கள்ள வேலைக்காகவே அவரை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

தங்கை சுகமாகப் பிறந்தாள். பூங்காக் குழாய் திறந்ததும் அவளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனோம். போத்தல் கொண்டுவரவில்லையா என்று அப்பா கேட்டார்.

"என்னத்துக்கு? வீட்டிலை இருக்கிறதே காணும்," என்றார் அம்மா.

அப்பா சம்மனசின் உடைந்த மூக்கை உற்றுப் பார்த்தார். ஏமாந்துபோன அம்மாவை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது. மாதா சுரூபத்தடியில் வைக்கவேண்டிய தீர்த்தப் போத்தலை, அந்தக் குளிர்காலம் முழுவதும், படுக்கப்போகமுன் மூடியைக் கழற்றி அம்மா ஏன் குசினிக் குழாயடியில் வைத்தார் என்று யோசிக்கிற வயது எனக்கு அப்போது வந்திருக்கவில்லை.