அனுப்பாத திருத்தம்

நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் வெடித்த அன்று, அவர்களுக்கு மக்கள் தொடர்பு வேலை பார்த்தது நான்தான். புகை அடங்குவதற்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. முன்பு நிருபர்கள் போன் செய்து கேட்பார்கள், நானும் விசாரித்துச் சொல்வேன். இப்போது அரை மணி நேரம் வாய் திறக்காவிட்டால் எதையோ மறைக்கிறோம் என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒரு தொழிலாளி இறந்துவிட்டதாக ஆலை மேலாளர் போனில் சொன்னார். இரங்கல் அறிக்கை ஒன்று என் லேப்டாப்பில் எப்போதும் தயாராக இருக்கும். பெயரையும் தேதியையும் நிரப்பி நிருபர்களுக்கு அனுப்பினேன். மருத்துவமனையைக் கேட்கவில்லை.

அறிக்கையின் அடியில் என் நம்பர் இருந்ததால் அந்தத் தொழிலாளியின் தம்பி என்னையே கூப்பிட்டார். தெலுங்கில் கத்தினார். "அண்ணன் ஐசியூவுல உயிரோட இருக்கான். செத்துட்டான்னு யாரைக் கேட்டுப் போட்டீங்க? அண்ணி மயங்கி விழுந்துட்டாங்க!"

உடனே திருத்தம் எழுதி மேலாளருக்கு அனுப்பினேன். "இதை வெளியே விட்டா நம்ம மானம் போயிடும். சாயங்காலம் வரைக்கும் தாங்கமாட்டார்னு டாக்டரே சொல்றார். கொஞ்சம் பொறுங்க," என்றார் அவர்.

இதற்கு மேல் கேவலம் கிடையாது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் பொறுத்தேன். திருத்தத்தைத் திரையில் திறந்துவைத்துக்கொண்டு, ஒரு மனிதன் சாவதற்காகக் காத்து உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்கு மேலாளர் கூப்பிட்டு, "போயிட்டார். இனி திருத்தம் வேண்டாம்," என்றார்.

"அப்பாடா," என்றேன். அவர் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.