பருந்து விரட்டும் செலவு

எழுபதுகளில் சென்னையை அடுத்த கோவளத்துக்குத் தெற்கே, எங்கள் குப்பத்தை ஒட்டிக் கடற்படையின் விமான ஓடுபாதை இருந்தது. பருந்துகள் விமானத்தில் மோதாதபடி பட்டாசு வெடித்து விரட்டுவதுதான் அங்கே என் கணவருக்கு வேலை. வேலிக்கு இந்தப் பக்கம் மணலில் நான் நெத்திலி காயப் போடுவேன். அவர் வெடித்தால் பருந்தெல்லாம் என் மீன்மேல் இறங்கும். நான் கழியை ஓங்கினால் ஓடுபாதைக்கே திரும்பிப் போகும். சர்க்காருக்குப் பட்டாசுச் செலவு ஏறிக்கொண்டே போனது. என் மீன் குறைந்துகொண்டே வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றே எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் அவர் வேலியைத் தாண்டி வந்தார்.

"மீனு இங்க காய வெக்கக் கூடாதுன்னு ஆபீசர் சொல்லிட்டாரு. அதுக்குத்தான் பருந்து வந்துகினு கீதாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. மீனைக் கூடையில் அள்ளத் தொடங்கினேன்.

"சரி, வாரிக்கினு போறேன். அப்பால பருந்தே வராது. நீ இன்னா பண்ணுவ?"

கையிலிருந்த பட்டாசுக் கட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து, நான் அள்ளியதையெல்லாம் மறுபடி மணலில் பரப்பினார்.

மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. கழியை ஓங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.