அடிப்பாறையை உடைத்த கிணறு

படிப்பு எனக்கு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் வேலணையில் சொந்த உழைப்பில் இரண்டு கடை போட்டவன் நான். இடம்பெயர்ந்து தொண்ணூற்றாறில் திரும்பியபோது, கூரையில்லாமல் நின்ற வீட்டை ஒருவரிடமும் கைநீட்டாமல் கட்டி முடித்தேன். அந்தத் தெம்பில்தான் கிணற்றிலும் கைவைத்தேன்.

அந்தக் கோடையில் தண்ணீர் வாளியின் அடி நனையும் அளவுக்கு வற்றிவிட்டது. எங்கள் தீவுகளில் நல்ல தண்ணீர் மேலே கொஞ்சம்தான். அதற்குக் கீழே கடல். அதனால் அடிப்பாறையோடு கிணற்றை நிறுத்திவிடுவார்கள். கிணறு வெட்ட வந்தவரும் அதையே சொன்னார். ஊர் பயந்து நிற்கிற இடத்தில் நிற்கிற ஆள் நானில்லை என்று அவரை அனுப்பிவிட்டு, நானே இறங்கி இரும்பு அலவாங்கால் குத்திப் பாறையை உடைத்தேன். மூன்றாம் நாள் இடுப்பளவு தண்ணீர். சந்தி முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

ஒரு மாதத்தில் தண்ணீர் கரித்தது. பருப்பு அவியவில்லை என்றாள் மனைவி. பருப்பு என் கடையிலிருந்து வந்ததுதான். இருந்தும் பருப்பில்தான் பிழை என்றேன். அவளுக்கும் மகளுக்கும் முன்னால் ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்து, நல்ல தண்ணீர்தான் என்றும் சொன்னேன்.

அம்மா குசினி வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்த வீட்டைப் பற்றி அதுவரை வாய் திறக்காதவர், அன்றுதான் சொன்னார். மண்டைதீவில் அவரைப் பெற்ற ஐயாவும் இப்படித்தான் பாறையை உடைத்தாராம். உப்புச் சவர் ஏறிய தண்ணீரைச் சாகும்வரை குடித்து, நல்லது என்றே சாதித்தாராம். அம்மாவும் அவருடைய அக்காவும் குடத்தோடு வீடு வீடாகப் போய் நின்றார்களாம்.

“அக்காவைப் பொம்பிளை பாக்க வந்தவை ஒரு மிடறு குடிச்சிட்டு, செம்பை வைச்சிட்டுப் போயிட்டினம். பிறகு ஒருத்தரும் வரேல்லை.”

பெரியம்மா தனித்துப் போனதற்குச் சாதகம்தான் காரணம் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“தோண்டேக்கையே சொல்லியிருக்கலாமே, அம்மா.”

“சொன்னாக் கேட்டிருப்பியோ?” என்றார். குடத்தை என் பக்கம் தள்ளி, “ஐயா ஒருநாளும் ஆரிட்டையும் போய்க் கேட்டதில்லை. எங்களைத்தான் அனுப்பினவர். நீ போய்க் கேள்” என்றார்.

குடத்தை எடுத்துக்கொண்டு, அதுவரை எதற்கும் படி மிதிக்காத பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக்காரர் முற்றத்தில் நின்றார். வாளிக்கயிறு அறுந்துவிட்டது என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். அந்தப் பொய் வாயில் வரவில்லை.

“என்ர கிணறு சவராப் போச்சு.”

“தெரியும் அண்ணை. நீங்கள் கடைக்குப் போனாப் பிறகு உங்கட பிள்ளை வந்து குடிக்கத் தண்ணி அள்ளிக்கொண்டு போறவ.”

வாளியை என் பக்கம் நகர்த்தி வைத்தார். குடம் நிறையும்வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. அதன்பின் நாள்தோறும் நானே போகிறேன். முதுகு நோகிறது. மகளை அனுப்புவதில்லை.