தெற்கு மாவட்டத்து ஆட்டக்காரரின் மகன்

நான் ஜெர்மனிக்கு வந்தது அகதியாக, ரகர் விளையாடுவதற்கு அல்ல. இதை முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணை இன்றைக்கும் தொலைபேசி எடுத்தால் இப்படித்தான் தொடங்குவார்: "என்ன, பந்து பொறுக்க வந்த அகதி, எப்பிடிச் சுகம்?"

நாங்கள் ரகர் என்று சொல்வதைத்தான் மற்றவர்கள் ரக்பி என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே உதைபந்தும் கிரிக்கெட்டும்தான். ஆனால் நான் படித்தது கண்டியில். அப்பாவுக்கு அங்கே தபால் கந்தோரில் வேலை. கண்டிப் பள்ளிக்கூடத்தில் ரகர் விளையாடாமல் இருப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த துரைமார், அதிலும் ஸ்கொட்லாந்துக்காரர், கொண்டுவந்த விளையாட்டு அது. துரைமார் போய்விட்டார்கள், பந்து நின்றுவிட்டது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கண்டியை விட்டு யாழ்ப்பாணம் போனோம். அங்கே கலியாணம் நடந்தது. இரண்டு வருடம் கழித்துக் கிழக்கு பெர்லின் வழியாக நான் மட்டும் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தேன். மனைவி ஷெல் விழுகிற ஊரிலேயே இருந்தாள். என் அகதி வழக்கு வென்றால்தான் அவளைக் கூப்பிடலாம்.

எங்களைக் கொண்டுபோய் விட்ட சின்ன நகரத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை. சமைத்தோம், சாப்பிட்டோம், காட்ஸ் விளையாடினோம், சண்டை பிடித்தோம். ஒரு நாள் பின்னேரம் நடக்கப் போனபோது ஒரு புல்வெளியில் கொஞ்சப் பேர் முட்டைப் பந்தை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டு நின்றார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. எட்டுப் பேர் கட்டிப்பிடித்துக் குனிந்து எதிர்ப் பக்கத்து எட்டுப் பேரைத் தள்ளுகிற ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. அதற்குள் பந்தை உருட்டிவிட்டு, பின்னால் ஓடி வந்து அதை எடுத்துக் கொடுக்கிறவன் சின்ன ஆளாக, சுறுசுறுப்பான ஆளாக இருக்க வேண்டும். இவர்களிடம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவன் நெல்லுக் குதிர் மாதிரி ஒரு தடியன். நான் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

பயிற்சியாளர் ஒரு கிழவர். ஸ்கொட்லாந்துக்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியப் படையோடு வந்து, ஜெர்மன்காரி ஒருவரைக் கட்டி, அந்தப் பக்கத்துப் படை முகாமின் வாகனப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். அவருடைய ஆங்கிலம் எனக்கு முதல் மாதம் பாதிதான் விளங்கியது. அவர் சொன்னதையெல்லாம் இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன், எனக்கு அப்படித்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

"ஆர் உனக்கு இதைப் பழக்கினது?" என்று கேட்டார்.

"உங்கட ஆக்கள்தான், சேர். ஸ்கொட்லாந்துத் துரைமார்."

"துரைமாரோ? அவங்கள் எங்கட ஆக்கள் இல்லை."

அதில் தொடங்கிய கதைதான். அவருடைய தகப்பன் காலத்தில், முதலாம் உலகப் போருக்கு முந்தி, ஸ்கொட்லாந்தில் மாவட்ட அணிகள் ஒன்றோடொன்று மோதும். கிளாஸ்கோ, எடின்பரோ என்று இரண்டு நகரங்கள். அவற்றோடு வடக்கு, தெற்கு. நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிற பெரியவர்கள் இந்த ஆட்டங்களை வந்து பார்ப்பார்கள். நகரத்து அணிகளில் இருந்தவர்கள் வழக்கறிஞர்கள், மருத்துவர்கள், பெரிய பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள். அந்தப் பள்ளியில் படிக்காதவனுக்கு அந்தக் கிளப்பில் இடமே இல்லை. தெற்கு அணி அப்படியல்ல. எல்லையோரத்துக் கம்பளி ஆலை ஊர்களின் ஆட்கள். நெசவாளி, இறைச்சிக்கடைக்காரன், தோட்ட வேலைக்காரன். சனிக்கிழமை மத்தியானம் வரை ஆலையில் நின்றுவிட்டு, ரயில் ஏறிப் போய் மருத்துவர்களைச் சேற்றில் புரட்டிவிட்டு வருவார்கள்.

"அப்பர் தெற்குக்கு விளையாடினவர். முன்வரிசை," என்பார் கிழவர். எடின்பரோ ஆட்டத்தில் தகப்பன் ஒருவரை விழுத்தினாராம். விழுந்தவரின் முழங்கை பட்டுத் தகப்பனின் புருவம் கிழிந்ததாம். விழுந்தவர் மருத்துவர். ஆட்டம் முடிந்ததும் அவரே இருந்து தைத்துவிட்டாராம். இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு தரமும் "தேர்வாளர் அண்டைக்கு அப்பரைக் குறிச்சு வைச்சினம்" என்ற இடத்தில் கதை நிற்கும். பிறகு விசில் ஊதுவார், நாங்கள் ஓட வேண்டும். ஸ்கொட்லாந்துக்கு விளையாடினாரா என்று ஒரு நாள் கேட்டேன். "இல்லை" என்றார். உடனே விசிலை ஊதினார்.

ஹைமில் அண்ணைக்கு இந்தக் கதைகளைச் சொன்னால், "செத்துப்போன வெள்ளைக்காரன்ரை புருவத்தைப் பற்றி எனக்கென்ன? வெங்காயத்தை வெட்டும்" என்பார்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த சட்டம் இது. வழக்கு முடியும் வரை ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை, கிறைஸ் என்பார்கள், அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது. நான் ஏற்கெனவே ஒரு தரம் தாண்டிப் பிடிபட்டிருந்தேன். பக்கத்து நகரத்துக் கடையில் செத்தல் மிளகாய் வாங்கிக்கொண்டு வரும்போது ரயில் நிலையத்தில் பொலிஸ் மறித்தது. தண்டம் கட்டினேன். இரண்டாம் தரம் பிடிபட்டால் நீதிமன்றம், வழக்கிலும் அது கறையாக விழும் என்று வழக்கறிஞர் எச்சரித்திருந்தார். ஆகவே எங்கள் கிளப் வெளியூருக்குப் போகும்போதெல்லாம் நான் ஹைமில் இருந்து வெங்காயம் வெட்டுவேன்.

இது ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் வரும் வரைக்கும். எண்பத்தேழு வசந்தம். வென்றால் மேல் பிரிவுக்குப் போகலாம். எதிரணி பக்கத்துக் கிறைஸ்காரர்கள். அவர்களுடைய மைதானம் எங்கள் நகரத்துக்கு வடக்கே, சிற்றாற்றுப் பாலத்தைத் தாண்டியவுடன், பொப்லார் மரங்களுக்குப் பின்னால் இருந்தது. ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர். அதுதான் எல்லை.

எனக்கு அந்த ஆட்டம் வேண்டும். அப்படித்தான் இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வருடமாக நான் ஒரு கோப்பு இலக்கம். அந்தப் புல்வெளியில் மட்டும் பதினைந்து பேரில் ஒருவன்.

அனுமதி கேட்டு வெளிநாட்டவர் கந்தோருக்குப் போனேன். கிழவரும் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு கூட வந்தார். அதிகாரி பொல்லாதவர் அல்ல. படித்துப் பார்த்துவிட்டு, விளையாட்டு ஒரு அவசியக் காரணம் ஆகாது என்றார். கிழவர் வாதாடுவார் என்று பார்த்தேன். அவர், "சட்டம் அப்பிடியெண்டால் சரி" என்று எழுந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதற்கு ஒரு ரை வேறு!

அதோடு முடிந்ததா? எங்கள் கப்டன் ஒரு பேக்கரிக்காரன், நல்ல பெடியன். அவன் எதிரணிக் கப்டனோடு பேசியிருக்கிறான். அவர்களும் மனிதர்கள்தானே, "அப்படியென்றால் உங்கள் மைதானத்தில் விளையாடுவோம், எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். பேக்கரிக்காரன் ஓடி வந்து சொன்னபோது நான் அவனைக் கட்டிப்பிடித்தேன். கிழவர் தலையை ஆட்டினார்.

"அட்டவணையில அவங்கட மைதானமெண்டு இருக்கு. ஒரு ஆளுக்காக அதை மாத்திறேல்லை."

"அவங்களே ஓமெண்டிட்டாங்கள், சேர்."

"அவங்கள் சொல்லலாம். நான் கேக்க ஏலாது."

நான் அன்றைக்கு அவரிடம் தமிழில் சில சொற்கள் சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்காது. விளங்கியிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

பேக்கரிக்காரனுக்கும் கோபம்தான். ஆனால் கிழவரின் சொல்லை மீறி அங்கே யாரும் எதுவும் செய்வதில்லை. "காரில் ஏறு, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று என் காதுக்குள் சொன்னான். அண்ணையிடம் கேட்டேன்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்றார். "மனிசி அங்க ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள்ள இருக்கிறா. நீர் இஞ்ச பந்துக்காக வழக்கைக் கெடுக்கப் போறீரோ? போறதெண்டால் போம். பிறகு எனக்கு முன்னால இருந்து அழக் கூடாது."

சனிக்கிழமை நான் ஜேர்சியைப் போட்டு, மேலே கோட்டையும் போட்டுக்கொண்டு, சைக்கிளில் பாலம் வரை போனேன். போவதா, இல்லையா என்று முடிவெடுக்காமலேயே போனேன். பாலத்தின் இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. உண்மையில் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு காலை எடுத்து வைத்தும் விட்டேன். கடைசியாக வந்த கடிதத்தில் அவள் பங்கருக்குள் தண்ணீர் ஊறுகிறது என்று எழுதியிருந்தாள். வைத்த காலை எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பேக்கரிக்காரனின் கார் அந்தப் பக்கமிருந்து வந்தது. கிழவரும் இறங்கினார். என்னைக் கூட்டிப்போகத்தான் வருகிறார்கள் என்று ஒரு கணம் நம்பிவிட்டேன். இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் குறைகிறதாம். அதனால் எதிரணி தங்களுடைய ஆள் ஒருவனைக் கடன் தருகிறதாம். ரகரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. எங்கள் கிளப்பிடம் வேறு ஜேர்சி இல்லாததால் என்னுடையதைக் கேட்டு ஹைமுக்குப் புறப்பட்டு வந்திருக்கிறார்கள்.

நடு ரோட்டில் கழற்றிக் கொடுத்தேன். பேக்கரிக்காரன் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு காரைத் திருப்பினான். என் சட்டையைப் போட்டுக்கொண்டு எவனோ ஒருவன் என் இடத்தில் விளையாடப் போகிறான்.

கிழவர் காரில் ஏறவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து பாலத்துக் கம்பியில் சாய்ந்தார். மரங்களுக்குப் பின்னால் விசில் கேட்டது.

"சேர், நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அவங்கள் எங்கட மைதானத்துக்கு வந்திருப்பாங்கள்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லேல்லை."

அவர் தண்ணீரைப் பார்த்தபடி, "அப்பர் ஏன் ஸ்கொட்லாந்துக்கு விளையாடேல்லை எண்டு கேட்டனியெல்லே," என்று தொடங்கினார்.

தேர்வாளர்கள் தகப்பனைக் குறித்துக்கொண்டு போன அந்தக் குளிர்காலத்தில் ஆலையில் வேலை குறைந்துவிட்டதாம். வீட்டில் சாப்பாடு இல்லை. வட இங்கிலாந்திலிருந்து ஒருவன் வந்தான். அங்கே இதே பந்தை விளையாடினால் காசு கொடுப்பார்கள். ஸ்கொட்லாந்தில் காசுக்கு விளையாடுவது பெருங்குற்றம். தகப்பன் போனார். இரண்டு பருவம் விளையாடி, முழங்கால் உடைந்து திரும்பி வந்தபோது கிளப்பில் அவருடைய பெயரை வெட்டியிருந்தார்கள். இனி விளையாடவும் முடியாது, கிளப் வீட்டுக்குள் கால் வைக்கவும் முடியாது. ஆயுளுக்கும்.

"சனிக்கிழமையில மைதானத்து மதிலுக்கு வெளியால நிப்பார்," என்றார் கிழவர். "காசு குடுத்துப் பாக்கப் போனால் ஆரும் மறிச்சிருக்காயினம். அவர் போகேல்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிப்பார். சாகுமட்டும் அப்பிடித்தான்."

"சட்டம் பிழையெண்டு அவர் சொல்லேல்லையோ?"

"ஒரு நாளும் இல்லை. சட்டம் சரி, நான்தான் பிழை எண்டுதான் சொன்னவர்." கிழவர் கம்பியை விட்டு நிமிர்ந்தார். "உனக்காக நான் அதை ஒருக்கா வளைச்சனெண்டால், வளைக்கலாமெண்டு ஆகிடும். பிறகு, அந்த மனிசனை ஏன் அவ்வளவு காலம் வெளியில விட்டவை?"

என்னிடம் மறுமொழி இருந்தது. ஒரு காரணமும் இல்லை, சும்மாதான் விட்டார்கள், என்பது அந்த மறுமொழி. நான் ஆற்றைத் தாண்டாமல் நின்றதும் சட்டம் சரி என்பதால் அல்ல. பயத்தால். ஆனால் இதை ஒரு வயதான மனிதரின் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. பாவமாகவும் இருந்தது.

மரங்களுக்குப் பின்னால் பெரிய ஆரவாரம் எழுந்தது. யாரோ எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா என்று தெரியவில்லை.

"போய்ப் பாருங்கோ, சேர்," என்றேன். "உங்களுக்கு ஒரு தடையும் இல்லைத்தானே."

"ஓம், இல்லை," என்றார்.

ஆட்டம் முடியும் வரை அவர் பாலத்தின் இந்தப் பக்கத்திலேயே நின்றார்.