தங்கராசு அண்ணன் வாங்கிய கிளாரினெட்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை அரியலூரில் ஒரு கூட்டத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, பேண்டு மாஸ்டர் சேகரிடமிருந்து போன் வந்தது. "சார், தங்கராசு அண்ணன் போயிட்டாரு. பேப்பர் போட்டுட்டு வந்து படுத்தவரு எந்திரிக்கல." பாதிக் கூட்டத்தில் எழுந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறினேன்.

அவர் கையால் பேப்பர் வாங்கியவர்களும், கல்யாண ஊர்வலத்தில் அவர் கிளாரினெட்டைக் கேட்டவர்களும் இதைப் படிப்பார்கள். இரண்டும் ஒரே ஆள் என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. சேகரின் குழுவில் இருபத்தாறு ஆண்டுகள் ஒரே கிளாரினெட்டை வாசித்தார். விரலால் அழுத்தும் சாவி ஒன்றுக்கு ஸ்பிரிங் போய், பேப்பர் கட்டின் ரப்பர் பேண்டைச் சுற்றியிருந்தார். போன மழைக்காலத்தில் அதன் மரக்குழலே வெடித்தது. "விடுங்கண்ணே, இனிமே ரப்பர் பேண்டாவது மிச்சம்" என்றார் சேகர். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை.

புதியது வாங்கத் திருச்சிக்கு என்னையும் அழைத்துப் போனார். "நீங்க சும்மா உக்காந்திருங்க சார். பக்கத்துல ஒரு பத்திரிகைக்காரர் இருந்தா கண்டதைத் தலையில கட்ட மாட்டாங்க."

கடையில் ஐந்து கிளாரினெட்டுகளை ஊதிப் பார்த்து ஐந்தையும் ஒதுக்கினார். "எல்லாத்துலயும் மேல்பஞ்சம ஸ்வரம் சுருதிக்கு மேல தூக்கி நிக்குது. மொத்தமா தப்பா செஞ்சிருக்கான்."

கடைக்காரர் அதிலொன்றை எடுத்துத் தானே வாசித்தார். பஞ்சமம் சுருதிப்பெட்டியோடு சேர்ந்து நின்றது. "ஐயா, உங்க பழசுல அந்த இடம் இறங்கியிருந்திருக்கும். உதட்டை இறுக்கி நீங்களே தூக்கிக் குடுத்திருக்கீங்க. இதுக்கு அது வேணாம்."

"அப்ப தப்பு என்கிட்டதான்" என்றார் அண்ணன். மூன்றாவதாக ஊதியதைக் கட்டச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் பாடாலூர் வரை பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு கேட்டார்: "இருபத்தாறு வருசமா இறுக்குன உதட்டை எப்படி சார் விடுறது?"

அதன்பின் அவர் தன் காதையே நம்பவில்லை. தை பிறந்து முகூர்த்தங்கள் வந்தன. "பஞ்சமம் சரியாகட்டும் மாஸ்டர், அடுத்ததுக்கு வரேன்" என்று தள்ளிப்போட்டார். ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குக் குழுவோடு போய், பெட்டியைத் திறக்காமலே திரும்பினார்.

மாசியில் ஒரு காலை, பேப்பரைக் கொடுத்துவிட்டு என் வாசலிலேயே நின்று வாசித்தார். தெருவில் பால் வாங்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"சார், இப்ப சரியா இருக்கா?"

"சுருதியெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே" என்றேன். உறுதியாகத் தெரியாததைச் சொல்லிப் பழக்கமில்லை.

"அதுவும் சரிதான்" என்று பெட்டியை மூடினார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது சேகர் சொன்னார்: "ரெண்டு மாசத்துக்கு முந்தியே பஞ்சமம் சரியாயிடுச்சு சார். நான் சொன்னா, 'என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே'ன்னுட்டாரு. உங்ககிட்டயாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நம்பியிருப்பாரு."



மாசியில் அவர் வாசித்த அந்தக் காலையில் என் காதுக்கும் அது நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல சுருதி தெரிந்திருக்க வேண்டியதில்லை. தங்கராசு அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, வாசலில் நின்று அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான்.