தேர் போன மறுநாள் சித்திரை வீதியில் ஸ்கேட் போர்டு

நம் ‘நாலு பேரிங்’ கையெழுத்து இதழை வாசிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்கள். நம் தெருக்களில் ஸ்கேட் போர்டு படும் பாட்டை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்தடி போவதற்குள் ஜல்லி தடுக்கும். அதனால்தான் இந்தக் கோடை லீவில் நானும் ஸ்டெல்லாவும் ஸ்ரீரங்கம் போனோம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டெல்லா எட்டாவது முடித்துவிட்டாள். ஸ்கூல் திறந்ததும் தாவணி. தாவணி போட்ட பெண் தெருவில் பலகை மேல் நிற்கக்கூடாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். பழைய பேப்பர் கடையில் எங்களுக்குக் கிடைத்த, அட்டை கிழிந்த வெளிநாட்டு ஸ்கேட் பத்திரிகையில் ஒரு பையன் தெரு முழுவதையும் ஒரே ஓட்டமாகக் கடக்கிற படங்கள் இருக்கின்றன. அதுபோல் ஒரு தடவை, மூலைக்கு மூலை, காலைக் கீழே வைக்காமல் போய்விட வேண்டும், அது போதும் என்றாள் ஸ்டெல்லா.

சித்திரைத் தேருக்கு முன்னால் ஸ்ரீரங்கத்தில் தேர் வரும் வீதிகளுக்குப் புதுத் தார் போடுவார்கள். தேரன்று கூட்டம் இருக்கும். எனவே மறுநாள் போவது என்று முடிவு செய்தோம். கணக்கு சரியாகத்தான் தெரிந்தது.

காலை ஆறரைக்குப் புறப்பட்டு, ஜங்ஷனில் இறங்கி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். போக மட்டும் ஆளுக்கு ஒரு ரூபாய் இருபது காசு. நாலு பேரிங்கையே சக்கரமாக மாட்டிய எங்கள் போர்டைக் கண்டக்டர் பார்த்துவிட்டார்.

“என்னம்மா இது, சப்பாத்திப் பலகைக்குச் சக்கரமா?”

“இது மேல நின்னு ஓட்டிட்டுப் போறதுங்க” என்றாள் ஸ்டெல்லா.

“அப்ப எதுக்கு டிக்கெட் வாங்குறீங்க? அதுலயே போயிருக்கலாமே!”

பஸ்ஸே சிரித்தது.

தெற்கு வாசல் வழியாக நடந்து தெற்குச் சித்திரை வீதிக்கு வந்தோம். தார் புதிதுதான். ஆனால் வீதியின் நீளத்துக்கும் தேர்ச் சக்கரங்கள் உழுதுவிட்டுப் போயிருந்தன. வெயிலில் இளகிய புதுத் தார் மேல் அத்தனை கனம் ஏறினால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. தேரைத் திருப்பவும் நிறுத்தவும் முட்டுக்கட்டை போட்ட இடங்களில் தார் பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த ஒரு மாமி, “தேர் பாக்க வந்தேளா? நேத்திக்கே ஆயிடுத்தே” என்றார்.

“ரோடு பார்க்க வந்தோம் மாமி” என்றேன்.

“ரோடையா! பெருமாள் எழுந்தருளியாச்சு. இனி அடுத்த வருஷந்தான் போடுவா.”

ஸ்டெல்லா போர்டைச் சக்கரத் தடத்துக்குள் இறக்கினாள். தடத்தின் அடிப்பக்கம் அழுந்தி அழுந்தி வழவழப்பாகியிருந்தது. உந்தினாள். சத்தமே இல்லாமல் நாலு வீடு தாண்டிப் போனாள். அப்படி அவள் போய் நான் பார்த்ததில்லை. ஐந்தாவது வீட்டு வாசலில் முட்டுக்கட்டைப் பள்ளம். போர்டு நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை.

மாமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். “பொம்மனாட்டிக் கொழந்தைக்கு இதெல்லாம் எதுக்குடி?” ஸ்டெல்லா முழங்கையைக் கழுவிக்கொண்டாள். பேரிங்குகளில் தாரும் மணலும் அடைத்து ஒன்றுகூடச் சுற்றவில்லை.

திரும்பும்போது ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள்.

“ஏய், கீழ பாருடி.”

பாலத்து நடைபாதை. சிமெண்ட். அந்தக் கடைசி வரை ஒரே சீர்.

“இறங்கிடலாமா?” என்றேன்.

“வீல் சுத்தாதுடி.”

பாலம் முடியும்வரை அவள் தலையைத் திருப்பவில்லை.

ஆகவே, போக நினைப்பவர்களுக்கு: சித்திரை வீதி என்றால் தேருக்கு முந்தின நாட்களில் போங்கள். பாலம் அதைவிட நல்லது. மாம்பழச்சாலை ஸ்டாப்பில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். விடிந்ததும் போனால் நடைபாதையில் ஆள் குறைவாக இருக்கும். பழந்துணியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோங்கள்.

ஸ்கூல் திறந்துவிட்டது. பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன், நன்றாகச் சுற்றுகின்றன. போர்டு என் வீட்டில் இருக்கிறது; ஓட்டத் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். ஸ்டெல்லா வீட்டு வழியாக மட்டும் கொண்டுபோக வேண்டாம்.