குருக்கள் உட்கார மறுத்த இடம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. நடுவட்டத்திலிருந்து கூடலூர் போகும் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் வருகிற ஒரு தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். நான் பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் ஆனது எல்லாம் இங்கேதான். எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் எனக்கு வேலை. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்வேன். இதை எழுத உட்காரும்போது துக்கம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. நாளானால் குறைந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். குறையவில்லை.

எங்கள் லயம் என்பது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசை. அதன் பின்பக்கம் மண் சரியாமல் இருக்க ஒரு உயரமான கருங்கல் சுவர். சுவருக்கு மேலே ரோடு. டூரிஸ்ட்காரர்களுக்கு காட்டேஜ் கட்டப்போகிறோம் என்று முந்தின வருடம் எஸ்டேட்காரர்கள் அந்த ரோட்டை அகலப்படுத்தினார்கள். வெட்டிய மண்ணைத் தூர எடுத்துப் போனால் செலவு என்று எஸ்டேட் மேனேஜர் எங்கள் சுவருக்குப் பின்னாலேயே கொட்டச் சொன்னார். தண்ணீர் வடிய சுவரில் விட்டிருந்த ஓட்டைகள் அடைத்துப்போயின. அடுத்த மழைக்குச் சுவர் நடுவில் புடைத்துக்கொண்டது.

என் அக்கா எனக்கு அடுத்த வீடு. கொழுந்து பறிப்பவள், யாரிடமும் வாய் திறந்து பேசத் தயங்குபவள். அவளே காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் மேனேஜரைப் பார்த்து, "சார், செவுரு மாசமா இருக்கவ மாதிரி வயிறு தள்ளி நிக்குதுங்க. ஒருக்கா வந்து பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள். "பார்க்கலாம்" என்றார். மறுபடி சொன்னாள். மறுபடியும் "பார்க்கலாம்". அப்புறம் அவளைக் கண்டாலே, "என்னம்மா, உன் செவுருக்கு பிரசவம் ஆயிடுச்சா?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அதோடு அக்கா கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். விடாத மழை கொஞ்சம் விட்டிருந்தது. அக்கா விறகு எடுக்க வீட்டுக்குப் பின்னால் போனாள். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். லாரி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் சுவரின் ஒரு ஓரம் இல்லை. அக்கா இடுப்புக்கு மேலே வெளியே கிடந்தாள், கீழே எல்லாம் கல்லும் சேறும். கத்தக்கூட இல்லை. என்னைப் பார்த்து, "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

லயத்து ஆண்கள் மண்வெட்டியால் தோண்டினால் கால் போய்விடும் என்று பயந்து கையாலேயே மண்ணை அள்ளினார்கள். ஜீப்பில் ஊட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். உயிர் பிழைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கட்டிலின் தலைமாட்டில் நின்று, "என்ன பண்றது, போன ஜென்மத்துப் பாவம்" என்றார்கள். முதலில் எனக்கு அது உறைக்கவில்லை. துக்கம் கேட்க வருகிறவர்கள் வேறு என்னதான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் மேனேஜர் வந்தார். ஆப்பிள் பை, ஹார்லிக்ஸ் பாட்டில். நெற்றியில் பட்டையாக விபூதி. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ரொம்ப மெதுவான குரலில் பேசினார்.

"எல்லாம் பிராரப்தம்மா. முற்பிறவியில செஞ்சத இந்தப் பிறவியில கழிச்சுத்தான் ஆகணும். கடவுளே நெனச்சாலும் மாத்த முடியாது. காலோட போச்சே, உசுரு இருக்கேன்னு நெனச்சுக்கோ."

அக்கா படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க வந்து பாத்ததே பெருசுங்க சார். நான் போன பொறப்புல யாரு கால ஒடிச்சனோ."

சுவரை வந்து பார்க்காத மனிதர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்ததற்கு, கால் போனவள் நன்றி சொல்கிறாள். அது மட்டுமில்லை, தானே குற்றவாளி என்று ஒப்புக்கொள்கிறாள். மண்ணைக் கொட்டச் சொன்னவர் நீதிபதி மாதிரி உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்.

அவர் போன பிறகு வராந்தாவில் போய் நின்றேன். நான் சாமி நம்பாதவள் இல்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுகிறவள். அந்தக் கோயிலில் ஒரு முறை சொற்பொழிவுக்கு வந்தவர் வினை மூன்று வகை என்று விளக்கினார். பல பிறவிகளாகச் சேர்ந்து கிடப்பது ஒன்று, இப்போது அனுபவித்துக் கொண்டிருப்பது ஒன்று, இனிமேல் புதிதாகச் செய்வது ஒன்று. மூன்றாவது முழுக்க மனிதன் கையில் இருக்கிறது, அதற்குத்தான் ஆண்டவன் அறிவைக் கொடுத்திருக்கிறான் என்றார். மேனேஜருக்கு அந்த மூன்றாவது மட்டும் எப்படி மறந்துபோனது?

நான் ஊர் திரும்பியபோது மிச்சச் சுவர் இன்னும் மோசமாகப் புடைத்திருந்தது. அதன் கீழேதான் எல்லாரும் சமைத்தார்கள், தூங்கினார்கள். நேராக ஆபீசுக்குப் போனேன். "சார், எங்கள முதல்ல வேற எடத்துல வைங்க" என்றேன்.

"வெள்ளிக்கிழமை பரிகார ஹோமம் வச்சிருக்கோம். எஸ்டேட் செலவு. அந்த எடத்துல ஏதோ தோஷம் இருக்கு. அது முடியட்டும், பேசிக்கலாம்" என்றார்.

லயத்தில் போய்ச் சொன்னால் அங்கேயும் அதே கதை. அக்கா புருஷன், "நீ சும்மா இரு புள்ள. ஊட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போறது? விதி இருந்தா விழுகும், இல்லாட்டி விழுகாது" என்றார். பொண்டாட்டியின் கால் போன மனிதர் இதைச் சொல்கிறார். அவரிடம் கத்தினேன். ஒருவரும் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பந்தல் போட்டு, வாழை கட்டி, அக்கா விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் சாணம் மெழுகிக் கோலம் போட்டிருந்தார்கள். நாங்கள் எல்லாரும் குளித்துவிட்டு நின்றோம். ஹோமம் செய்ய மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு குருக்களை வரவழைத்திருந்தார்கள். நடுத்தர வயது. ஜீப்பை விட்டு இறங்கி வந்தவர், பலகையில் உட்காரப் போய், அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க சார், இந்தச் செவுரு என்னுங்க இப்படி நிக்குது?"

"அதுக்குத்தான சாமி ஹோமமே. நீங்க உக்காருங்க."

"இதுக்குக் கீழ நான் எப்படிங்க உக்கார்றது? அந்தப் பக்கம் கிரவுண்டுல பண்ணிக்கலாமுங்க."

"ஒரு மணி நேரம்தானே சாமி."

"ஒரு மணி நேரமோ ஒரு நிமிஷமோ, எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குதுங்க" என்று சொல்லி அவரே பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மேனேஜர் கையைக் காட்டினார். ஆட்கள் செங்கல்லையும் விறகையும் நெய்க் குடத்தையும் அவசர அவசரமாக விளையாட்டுக் கிரவுண்டுக்குத் தூக்கினார்கள். மேனேஜரும் கூடவே வேகமாக நகர்ந்தார். திரும்பிப் பார்த்தபோது சுவருக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான். இடுப்பில் குழந்தைகளோடு.

அப்போது எனக்குள் ஏதோ வெடித்தது. நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"நில்லுங்க சார்! சாமிக்கு ஒரு மணி நேரம் உக்காரப் பயம். உங்களுக்கு நிக்கப் பயம். எங்க புள்ளைங்க இங்கதான சார் தெனமும் தூங்குது? எங்களுக்கு மட்டும் போன ஜென்மம், உங்களுக்கு மட்டும் இந்த ஜென்மமா? எங்கக்கா உங்ககிட்ட எத்தன தடவ சொன்னா? மண்ணக் கொட்டச் சொன்னது எந்தப் பொறப்புல சார்? அதச் சொல்லுங்க, நானும் உக்காந்து ஹோமம் பண்றேன்!"

"நல்ல காரியம் நடக்கிற எடத்துல அபசகுனமா பேசாத" என்றார் மேனேஜர். குருக்கள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து அக்கினி மூட்ட ஆரம்பித்தார்.

என் பேச்சைவிட அந்தப் பலகை நகர்ந்ததுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். கடைசி வீட்டுக் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, எப்போதும் வாயே திறக்காதவள், உள்ளே போய்க் குக்கரையும் பாயையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அந்தப் பக்கம் மந்திரம் நடக்கிறது, இந்தப் பக்கம் நாங்கள் பானையும் போர்வையுமாக ஹோமப் புகைக்குள் நடந்து போகிறோம். அக்கா புருஷன் கடைசியாக வந்தார். தலையில் அக்காவின் டிரங்குப் பெட்டி.

பிள்ளைக் காப்பகத்தின் சாவி என்னிடம் இருந்தது. திறந்துவிட்டேன். கொள்ளாதவர்கள் கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் தங்கினார்கள். வேலையை விட்டு நிறுத்திவிடுவோம் என்று ஆபீசிலிருந்து மிரட்டினார்கள். நிறுத்துங்கள் என்றேன். ஈரமும் குளிரும் இருமலுமாக ஒரே ரூமில் அத்தனை குடும்பம். "ஊடு மாதிரி வருமா?" என்று முணுமுணுத்துச் சிலர் திரும்பிப் போகப் பார்த்தார்கள். குழந்தைகளை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்று கதவில் நின்றுகொண்டேன். போகவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில், எல்லாரும் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், மிச்சச் சுவர் முழுக்க இடிந்து வந்தது. என் வீட்டுச் சமையலறை, தூளி கட்டுகிற கம்பி, அக்கா வீட்டுக் கட்டில் எல்லாம் ரோட்டு மண்ணுக்கு அடியில் போய்விட்டன. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. எங்கள் லயத்துக் கோழிகள் மட்டும் போயின.

இத்தோடு என் கோபம் அடங்கியிருக்கும். ஆனால் இடிந்ததைப் பார்க்க வந்த அதிகாரிகளிடம் மேனேஜர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். "நல்லவேளை சார், முன்கூட்டியே பரிகார பூஜை பண்ணிட்டோம். அந்தப் புண்ணியம்தான் இத்தனை உயிரக் காப்பாத்துச்சு."

இன்னும் கேளுங்கள், எங்கள் லயத்திலேயே இரண்டு மூன்று பேர், "அதுவும் உண்மைதான்" என்றார்கள். பானையைத் தூக்கிக்கொண்டு நடந்த அவர்களுடைய சொந்தக் கால்களுக்கு அந்தப் பெருமை இல்லையாம்!

இப்போது வேறு மேட்டில் புது வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பாதிப் பேருக்கு. மேனேஜர் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அங்கே எந்தச் சுவர் புடைத்து நிற்கிறதோ தெரியாது.

சுவர் முழுசாக விழுந்த செய்தியை ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவிடம் நான்தான் சொன்னேன். ஹோமத்தன்று நடந்ததையும் சொன்னேன். குருக்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடியதைக் கேட்டதும், கால் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, போர்வையின் தட்டையான பக்கத்தைத் தடவியபடி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் ஒரு பாவமும் பண்ணலையா புள்ள?"

"நீ பண்ணலக்கா."

"யாரு காலையும் ஒடிக்கலையா?"

"இல்லக்கா."

அப்போதுதான் அழுதாள். அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த அழுகை. நர்ஸ் ஓடி வந்து வலிக்கிறதா என்று கேட்கும் அளவுக்கு அழுதாள்.

முற்பிறவி உண்டா, மறுபிறவி உண்டா என்று அடித்துச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அடிபட்டுக் கிடக்கும் ஒருவரிடம் யாராவது போன ஜென்மத்துக் கணக்கைப் பேச ஆரம்பித்தால், இந்த ஜென்மத்தில் யார் என்ன செய்தார்கள், யார் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று கேட்காமல் இப்போதெல்லாம் நான் அந்த இடத்தை விட்டு நகர்வதே இல்லை.